தண்ணீரில் பிசைந்த வெண்ணெய்

மூஞ்சிக்கல், கொடைக்கானல். 1958

ஜனவரி 12, ஞாயிறு

சந்தை. நூக்கல், பீன்ஸ், மலைப்பூண்டு. பூம்பாறை ராக்காயியிடம் வடிவு ஒரு வீசை வெண்ணெய் வாங்கினாள். வீட்டில் இருப்பது நானும் என் மனைவி வடிவும் மட்டும். இரண்டு பேருக்கு ஒரு வீசை வெண்ணெயா? கேட்டேன். "நெய் உருக்கத்தாங்க" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல் பையிலிருந்த நூக்கலைப் பார்த்துக்கொண்டு.

பதினோரு வருஷமாக பஸ் கம்பெனியில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருக்கிறேன். பெருமாள்மலையில் ஏறினால் இரண்டு வளைவுக்குள் டிக்கெட் எடுக்காதவன் யார் என்று தெரிந்துவிடும். அவன் என்னைப் பார்க்க மாட்டான். ஜன்னல் வழியே பள்ளத்தைப் பார்ப்பான், என்னவோ இன்றைக்குத்தான் முதன்முதலாக மலை ஏறியவன் போல. வடிவு நூக்கலைப் பார்த்தது அந்தப் பார்வைதான்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கலில் நெய் கரண்டியளவுதான். ஒரு வீசை எங்கே போயிற்று?

ஜனவரி 21, செவ்வாய்

வாரத்தில் மூன்று நாள் வடிவு மதாம் வீட்டுக்குப் போகிறாள். மதாம் என்பவள் பாண்டிச்சேரியில் வாத்தியாரம்மாவாக இருந்த பிரெஞ்சுக்காரி. அங்கே பிரெஞ்சுக் கொடி இறங்கியதும் இங்கே ஏரிக்கு மேலே ஒரு வீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டாள். சீசனில் வருகிறவர்களுக்கு வராந்தாவில் மேஜை போட்டு டீயும் ரொட்டியும் கொடுப்பாள். வயது எழுபது இருக்கும்.

"சன்னலுக்குத் தெரை தச்சுத் தரணுமாம், போயிட்டு வாரேன்" என்று வடிவு சொன்னது பொங்கலுக்கு முன்னால். அந்த வீட்டில் மொத்தம் எத்தனை ஜன்னல் இருக்கும்? இன்று அவள் வளையல் இடுக்கில் மாவு ஒட்டியிருந்தது. தையல் வேலையில் ஏது மாவு?

ஜனவரி 24, வெள்ளி

பழனியிலிருந்து அண்ணன் பழனிமுத்து கடிதம். கலியாணமாகி ஒன்பது வருஷம் ஆயிற்று, குழந்தை இல்லை, இன்னும் எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பாய் என்று முதல் பக்கம். ஆயக்குடியில் ஒரு பெண் இருக்கிறாள் என்று இரண்டாம் பக்கம். வடிவை ஒதுக்க வேண்டாமாம், அவளும் ஒரு மூலையில் இருந்துகொள்வாளாம். இப்போது சட்டம் இதற்கு இடம் கொடுக்காது என்பது அண்ணனுக்குத் தெரியாமல் இல்லை. ஊரில் யார் சட்டம் பார்க்கிறார்கள் என்று அதற்கும் ஒரு வரி போட்டிருக்கிறார்.

கம்பளிக் கோட்டின் உள்பையில் வைத்தேன். பதில் எழுத வேண்டும். என்ன எழுத?

பிப்ரவரி 5, புதன்

பூசத்துக்குப் பழனி போய்விட்டுத் திரும்பினேன். அடிவாரத்தில் கால் வைக்க இடமில்லை. அண்ணன் கடைக்குள் உட்காரவைத்து, "என்னப்பா, சரிதான?" என்று கேட்டார். "பாக்கலாம்ணே" என்றேன்.

பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம்? பஸ்ஸில் ஒருவன் என்னிடம் இப்படிப் பதில் சொன்னால் அடுத்த வளைவிலேயே இறக்கிவிட்டிருப்பேன். வழியெல்லாம் என்மேலேயே எரிச்சல். வடிவிடம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, நான் ஒன்றும் ஒப்புக்கொள்ளவில்லையே?

பஞ்சாமிர்த டப்பாவைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "பெரியத்தான் என்ன சொன்னாக?" என்றாள். "ஒண்ணுமில்லை" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். ஏன் அப்படிப் பார்த்தாள்?

பிப்ரவரி 10, திங்கள்

கண்டக்டர் நல்லுசாமியிடம் பொதுவாகக் கேட்பது போல் கேட்டுப் பார்த்தேன் – வெள்ளைக்காரர்கள் ரொட்டிக்கு என்ன கொழுப்பு போடுகிறார்கள் என்று. "பன்னிக் கொழுப்புதாண்ணே. வெண்ணெயும் அதுவும் பக்கத்துல பக்கத்துல வச்சா நமக்கு வித்தியாசமே தெரியாது" என்றான். அவனுக்கு எல்லாம் தெரிந்த மாதிரிதான் பேசுவான். இருந்தாலும் சாப்பாடு இறங்கவில்லை.

எங்களுடையது மலைக்கோயிலுக்குப் பூக்கட்டும் குடும்பம். முட்டைகூட எங்கள் வாசல் தாண்டியதில்லை.

பிப்ரவரி 12, புதன்

இன்று எனக்கு ஓய்வு நாள். வடிவு மதாம் வீட்டுக்குப் போனதும் வீட்டைச் சோதித்தேன். என் வீட்டில் நானே செக்கிங். சரி, என்ன செய்வது?

பின்பக்கத் தாழ்வாரத்தில், பனி படுகிற இடத்தில், கம்பிவலைப் பெட்டிக்குள் இருந்தது. வெள்ளைத் துணி, அதற்குள் எண்ணெய்க் காகிதம், அதற்குள் சிலேட்டு மாதிரி தட்டையாக, சதுரமாக ஒரு வெள்ளைப் பாளம். யாராவது வெண்ணெயை இப்படி வைப்பார்களா? வெண்ணெய் என்றால் உருண்டையாகத் தண்ணீரில் கிடக்கும். எங்கள் வீட்டில் அம்மா மூன்று தண்ணீர் கழுவித்தான் வைப்பாள். இது ஈரமே இல்லாமல் கட்டையாக இருந்தது.

விரலால் அழுத்தினேன். ஒரு கிள்ளு எடுத்துக் கரண்டியில் உருக்கினேன். நெய் வாசம்தான், எருமை நெய். பன்றி இல்லை. அப்பாடா என்றிருந்தது.

ஆனால் பாளத்தில் என் விரல் அச்சு, அதோடு நான் போடும் மூக்குப்பொடியின் கறையும். அப்படியே வைத்தால் கண்டுபிடித்துவிடுவாள். குளிர்ந்த தண்ணீரில் போட்டு, அம்மா செய்வது போல நன்றாகப் பிசைந்து கழுவி, பழையபடி தட்டி, மடித்து வைத்தேன். முன்னைவிடச் சுத்தமாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 18, செவ்வாய்

லீவு போட்டுவிட்டு அவள் பின்னாலேயே போனேன். மதாம் வீட்டு வேலியில் தைலமரம் ஒன்று, அதன் மறைவில் நின்றேன். மழைத்தூறல் வேறு.

சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. தையலும் இல்லை, திரையும் இல்லை. வடிவு முந்தானையைச் செருகிக்கொண்டு பலகையில் மாவை உருட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் அந்த வெண்ணெய்ப் பாளத்தை வைத்து, கடிதம் மடிப்பது போல மூன்றாக மடித்தாள். மறுபடி உருட்டி, மறுபடி மடித்தாள். மதாம் பக்கத்தில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு முக்கோணமாக வெட்டிச் சுருட்டி, இரண்டு முனையையும் வளைத்துப் பிறை மாதிரி வைத்தார்கள். இன்னொரு தட்டில் சிவப்பாக ஏதோ மாமிசம். அதை வடிவு தொடவில்லை. தொடவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

மதாம் ஏதோ சொன்னாள். வடிவு தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து எத்தனை வருஷம் ஆயிற்று? நனைந்துகொண்டு நின்றேன். கோபமா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை.

பிப்ரவரி 19, புதன்

"மதாம் வீட்டில் தையல் எந்த மட்டுக்கு இருக்கு?"

"தலகாணி உறை தச்சுக்கிட்டு இருக்கேன்."

பொய். கண் சிமிட்டாமல் சொன்னாள். எதற்குப் பொய்? ரொட்டி சுடுவது திருட்டா? வேறு ஏதோ இருக்கிறது. அவர்கள் மதத்தில் சேரப் போகிறாளோ? இல்லை என்னை விட்டுவிட்டு அந்தக் கிழவியோடு பாண்டிச்சேரிப் பக்கம் – என்ன எழுதுகிறேன் நான்.

மார்ச் 6, வியாழன்

மறுபடி சோதித்தேன். வெண்ணெய்தான். கழுவி வைத்தேன்.

மார்ச் 8, சனி

கொல்லையில் பேரிக்காய் மரத்தடி மண் புதிதாகக் கிளறியிருந்தது. குச்சியால் தோண்டினேன். எட்டுப் பிறைகள், களிபோல அப்பிக் கெட்டியாக. எருக்குழியில் போட்டிருக்கலாம். புதைத்திருக்கிறாள் – நான் பார்க்கக்கூடாது என்று. அடுப்படியில் பிஸ்கட் டின் ஒன்று கிடந்தது. அடியில் மணல், மூடிமேல் கரி அள்ளிப்போட்ட தடம். நான் ட்யூட்டிக்குப் போனதும் வீட்டிலேயே சுட்டுப் பார்க்கிறாள் போலிருக்கிறது.

ஒன்றைத் தட்டித் தின்று பார்த்தேன். வேகாத கொழுக்கட்டை மாதிரி இருந்தது. இதற்காகவா இவ்வளவு மறைவு?

மார்ச் 21, வெள்ளி

சோதனை. பாளத்தில் இரண்டு இடத்தில் பொடிக்கறை பட்டுவிட்டது. இந்தத் தடவை நான்கு தண்ணீர் கழுவினேன். மாலையில் வீட்டுக்குள் வந்தபோது வடிவு கண் சிவந்திருந்தது. "புகைங்க" என்றாள். அடுப்பு எரியவே இல்லை.

மார்ச் 30, ஞாயிறு

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

சந்தையில் ராக்காயி முன்னால் போய் நின்றாள் வடிவு. பை என் கையில். எடுத்த எடுப்பிலேயே, "ஏன் ஆத்தா, தண்ணிய அடிச்சு எடையக் கூட்டுறியா? ஒன் வெண்ணெயில செஞ்சா மூணு தடவையா மாவோட மாவா ஒட்டிப் போகுது! பொடி வாசம் வேற அடிக்குது!" என்றாள். வடிவு அப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை.

ராக்காயிக்கு ஐம்பது வயதிருக்கும். முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு முகம் கறுத்துவிட்டது. "வேலப்பர் சத்தியமா நான் தண்ணி சேக்கல. வெள்ளனே கடைஞ்சு துணியில கட்டித் தொங்கவிட்டுக் கொண்டாறேன் – நீ சொன்னேன்னுதான. ஈரமே இருக்கக்கூடாதுன்னு நீதான சொன்ன? இந்தா பாரு!" என்று ஒரு உருண்டையைத் துணியோடு எடுத்து எல்லோர் முன்னாலும் முறுக்கிப் பிழிந்தாள். ஒரு சொட்டு விழவில்லை. "எனக்குப் பொடி போடுற பழக்கமும் கெடையாது" என்றாள்.

என் இடது கை தானாகவே மடியிலிருந்த பொடிமட்டையை மறைத்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மூன்று தடவை. மூன்று தடவையும் நான் கழுவிய வெண்ணெய். வாயைத் திறக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு வடிவு பின்னால் நடந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், தண்ணீர்கூடக் குடிக்காமல். மதாம் மே மாதம் பிரான்சுக்கே போகிறாள். அவளுடைய பெரிய இரும்பு அடுப்பையும் சீசன் டீ வாடிக்கையையும் யாராவது ஒருவரிடம் விட்டுவிட்டுப் போவாளாம். வடிவுக்கா, செண்பகனூர்ப் பக்கத்து போர்டிங் சமையல்காரனுக்கா என்று ஏப்ரல் 20ஆம் தேதி டீயில் முடிவு. அந்த ரொட்டிக்குப் பெயர் குருவாசானாம். ஏடு ஏடாகப் பிரிய வேண்டும். குறுக்கே அறுத்து உள்ளே மாமிசமோ காயோ வைத்து, மறுபடி அடுப்பில் காட்டிச் சூடாகக் கொடுக்க வேண்டும்.

"இதை ஏன் என்கிட்ட மறைச்சே?"

"மொதல்ல, நல்லா வந்தப்புறம் சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள ஒங்க கோட்டப் பிரஷ் போடுறப்ப கடுதாசியப் பாத்தேன்."

நான் உட்கார்ந்துவிட்டேன்.

"ஆயக்குடிக்காரி வந்தா நான் எந்த மூலையில இருக்கணும்னு எனக்குத் தெரிய வேணாமா? வெளையாட்டாத் தொடங்குனத அப்புறம் ஒரு சோலியாவே கத்துக்கிட்டேன். யார் வீட்டு மூலையும் எனக்கு வேணாம்."

"நான் சம்மதிக்கலையே வடிவு –"

"சம்மதிக்கல. வேணாம்னும் எழுதல. ரெண்டு மாசமாச்சு. வேணாம்னு ஒரு வரி எழுத எம்புட்டு நேரங்க ஆகும்?"

நான் அவளைச் சந்தேகப்பட்ட இரண்டு மாதமும் அவள் என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறாள். அவள் சந்தேகத்துக்காவது கையில் கடிதம் இருந்தது.

வெண்ணெய் விஷயத்தை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

வடிவு வேறொருத்தியிடம் வெண்ணெய் வாங்கினாள். நான் அந்தப் பெட்டிப் பக்கமே போகவில்லை.

ஏப்ரல் 9, புதன்

பிஸ்கட் டின்னில் சுட்டது அருமையாக வந்துவிட்டது! வடிவு ஒன்றைக் கையால் பிரித்துக் காட்டினாள். தாள் தாளாக, உள்ளே கூடு கூடாக. உருளைக்கிழங்கும் மலைப்பூண்டும் மிளகும் வெண்ணெயில் வதக்கி நடுவே வைத்து, மறுபடி சூடு காட்டிக் கொடுத்தாள். மேலே பளபளப்பு. முட்டையோ? நான் கேட்பதற்குள், "பால்தான் தடவுனேன். மதாம் முட்டை தடவுவாக. ஒங்களுக்காகத் தனியாப் பழகுனேன்" என்றாள்.

எனக்காக. அந்தக் கடிதத்தைப் படித்த பிறகும்.

தின்றேன். நொறுங்கி, உடனே வாயில் கரைந்தது, பூண்டு மட்டும் நின்றது. இவ்வளவு ருசியான ஒன்றை இவ்வளவு கஷ்டப்பட்டு விழுங்கியது இதுதான் முதல் தடவை. ஏனென்றால் அவள் அடுத்துச் சொன்னது: "பாத்தீகளா, வேற வெண்ணெய் வாங்குனதும் சரியாப் போச்சு. அந்த ராக்காயி களவாணிதான்."

ஏப்ரல் 13, ஞாயிறு

சந்தையில் ராக்காயி முன்னால் ஆளே இல்லை. வடிவு சொன்னது தெருவெல்லாம் பரவியிருக்கிறது. சேம்பிலை போர்த்திய கூடையை அப்படியே தலையில் வைத்துக்கொண்டு நேரத்தோடு கிளம்பிவிட்டாள். என்னைக் கடக்கும்போது, "கும்பிடுறேன் சாமி" என்று எப்போதும் போலச் சொன்னாள்.

பத்தடி போனதும் கூப்பிட நினைத்தேன். கூப்பிடவில்லை. டிக்கெட் இல்லாதவன்கூட இவ்வளவு கூசி நின்றிருக்க மாட்டான்.

ஏப்ரல் 14, திங்கள்

சொல்லிவிட்டேன்.

வேப்பம்பூப் பச்சடி கிண்டிக்கொண்டிருந்தாள். கரண்டி நின்றுவிட்டது.

"எத்தன தடவ?"

"மூணு."

"கழுவுனீகளா?"

"அம்மா கழுவுற மாதிரி."

"ஒவ்வொரு தடவையும் அந்த ஈரத்த எடுக்க நான் துணியால ஒத்தி ஒத்தி… கை மரத்துப்போக…" கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு, "என்னயச் சந்தேகப்பட்டது போகட்டும். சந்தையில நான் கத்துறப்ப பைய வச்சுக்கிட்டுப் பக்கத்துலதான நின்னீக?"

ஆமாம். நின்றேன்.

புது வருஷச் சாப்பாடு பேச்சில்லாமல் முடிந்தது. கை கழுவும்போது மட்டும் சொன்னாள்: "பூம்பாறைக்குப் போங்க. நீங்களே போங்க. மதாமுக்கு அந்த அம்மா வெண்ணெயிலதான் செய்வேன். இல்லேன்னா செய்யவே மாட்டேன்."

ஏப்ரல் 16, புதன்

உருளைக்கிழங்கு ஏற்றப் போகும் லாரியில் தொற்றிக்கொண்டு போனேன், டிக்கெட் இல்லாமல். மிச்சத் தூரம் நடை. ராக்காயி பூண்டு வயலில் களையெடுத்துக்கொண்டிருந்தாள். வரப்பில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பொடிமட்டையையும் எடுத்துக் காட்டினேன், சாட்சி போல.

கையிலிருந்த களையை வரப்பில் போட்டாள். பிறகு, "ரெண்டு வாரமா வெண்ணெய மாட்டுக்காரப் பயலுகளுக்கு அள்ளிக் குடுத்தேன்" என்றாள். "டிக்கெட்டு இல்லாதவன நீங்க பிடிக்கிறீக. ஒங்களப் பிடிக்க ஆளு வேணுமே சாமி!"

"தப்புதான். வெண்ணெய் கொடுங்க, கொண்டுபோகிறேன்."

"ஒங்க கையில குடுக்க மாட்டேன். அத ஒருக்காக் கழுவிருவீக. நானே சனிக்கிழமை வெரசா வந்து அந்தப் புள்ள கையில குடுக்கேன்." மோர் கொடுத்தாள். குடித்துவிட்டுத்தான் கிளம்ப விட்டாள்.

ஏப்ரல் 19, சனி

ராக்காயி வந்தாள். வடிவு வாசலுக்கே போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. கேட்க முயற்சிக்கவும் இல்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

நான் போகவில்லை. வேலிக்கு வெளியிலும் நிற்கவில்லை. ஏரியை இரண்டு சுற்றுச் சுற்றினேன்.

நாலரைக்கு வந்தாள். பன்னிரண்டில் ஒன்று கருகிவிட்டதாம். மதாம் ஒன்றை எடுத்துக் காதருகே வைத்து உடைத்து, சத்தம் கேட்டுவிட்டுத் தலையாட்டினாளாம். மாமிசம் வைத்ததைவிட உருளைக்கிழங்கும் பூண்டும் வைத்ததுதான் முதலில் காலியாயிற்றாம். அடுப்பு வடிவுக்கு.

என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டாள். இன்னும் கோபம் தீரவில்லை. தீராதுதான். நான் பாக்கி வைத்திருப்பது வெண்ணெய் விஷயம் மட்டும் இல்லையே.

ஏப்ரல் 27, ஞாயிறு

சந்தையில் ராக்காயியின் கூடை பத்து மணிக்கே காலி. வடிவு தெருத்தெருவாகப் போய், "எங்க வீட்டுக்காரரு பண்ணின கூத்து" என்று சொல்லியிருக்கிறாள். நல்லுசாமி பஸ்ஸில் என்னைப் பார்த்து, "அண்ணே, டிக்கெட்டையும் கழுவிப் பாப்பீகளா?" என்றான். வத்தலக்குண்டு வரை அத்தனை பேரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

மே 4, ஞாயிறு

நான்கு பேர் கம்பு கட்டி மதாம் வீட்டு அடுப்பைத் தூக்கி வந்தார்கள். தாழ்வாரத்தில் வெண்ணெய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாயிற்று.

காலையில் அண்ணனுக்குப் பதில் எழுதினேன். வேண்டாம் என்று ஒரு வரி. அதை எழுத அரை நிமிஷம்கூட ஆகவில்லை. கீழே இன்னொரு வரி: இனி இந்தப் பேச்சை எடுத்தால் நான் பழனிக்கு வரமாட்டேன். கவரில் விலாசம் எழுதி, ஒட்டாமல் மேஜைமேல் வைத்துவிட்டு ட்யூட்டிக்குப் போனேன்.

மாலையில் வந்து பார்த்தேன். கவர் அங்கேயே இருந்தது. ஒட்டியிருந்தது. ஓரத்தில் கொஞ்சம் மைதா.